சுவரில் இருந்த அப்பா

அக்கா விழுந்த செய்தி எனக்கு ஒரு படுக்கை விரிப்பில் வந்தது.

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுவதும் வரும். வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், வெறும் வியர்வை ஒரு பக்கம் என்று ஒதுக்குவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடிக்கும். அன்றைக்கு எலும்புப் பிரிவு மூட்டையில் ஒரு விரிப்பில் நீலக் கறை இருந்தது. மையும் இல்லை, மருந்தும் இல்லை. நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. கொதிகலன் பார்த்துக்கொள்பவர் எட்டிப் பார்த்து, இது கட்டடத்துக்கு அடிக்கிற பெயிண்ட், இந்த ஜென்மத்தில் போகாது என்றார். உயரக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற பெண் ஒருத்தி விழுந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரி வண்டிக்காரன் சொன்னான் என்றார்.

எங்கள் ஊரில் அப்படித் தொங்குகிற பெண் ஒருத்திதான் உண்டு.

சுத்தமான விரிப்புகளை ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டியிலேயே நானும் ஏறிக்கொண்டேன். அக்கா ஜன்னலோரக் கட்டிலில், தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு கிடந்தாள். நகக்கண்களில் இன்னும் நீலம் இருந்தது.

"ஏய் பூனை, வந்துட்டியா. அந்தக் கட்டடத்தைப் பாத்தியா? பாதியில விட்டுட்டு வந்துட்டேன், அரை முகத்துக்கு பவுடர் போட்ட மாதிரி நிக்கும்."

சின்ன வயதிலிருந்தே நான் சத்தமில்லாமல் நடப்பேன், சத்தமில்லாமல் அழுவேன். அதனால் அவள் வைத்த பெயர் அது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மறுநாளே அவளை அனுப்பிவிடப் போகிறார்களாம். கால் சேர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை படுக்க வைத்திருக்க அங்கே கட்டில் இல்லை. அவள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் உச்சி அறையில். உயரத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இப்போது அந்தப் படிகளில் அவளை யார் தூக்கிக்கொண்டு போவது? எங்கள் வீடு தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படிதான்.

"அப்பாகிட்ட கேட்டுப் பாரு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போர்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

எங்கள் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. வீட்டுத் தலைவர் ஒருவர் இறந்தால், அவர் பேசிய பேச்சு எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் திரட்டி, குரல் அலுவலகத்தார் ஒரு பெட்டி செய்து கொடுப்பார்கள். அதைக் கூடத்துச் சுவரில் பதித்துவிட்டுப் போவார்கள். பெட்டி அவர் குரலில் பேசும். கேட்டதற்குப் பதில் சொல்லும். சட்டப்படி அதுதான் பிறகும் வீட்டின் தலைவர். வீட்டை விற்க, சுவரை இடிக்க, கல்யாணம் பேச, யாரையாவது வீட்டோடு சேர்த்துக்கொள்ள அதன் சம்மதம் வேண்டும். வாசற்கதவின் பூட்டும் அதனோடு இணைந்திருக்கும். அது வேண்டாம் என்று சொன்ன ஆள் வந்து நின்றால் கதவு திறக்காது.

பக்கத்து வீட்டில் இன்னும் கொள்ளுத்தாத்தாதான் தலைவர். வீட்டுக்கு ஜன்னலே வைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அவர் காலத்தில் கிழக்குப் பக்கம் தோல் பதனிடும் கூடம் இருந்ததாம், நாற்றம் தாங்காதாம். இப்போது அங்கே பூங்கா இருக்கிறது. அவர்கள் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் அப்பா உருக்காலையில், கிரேன் ஓடும் கொட்டகையில் மேஸ்திரியாக இருந்தார். தலைக்கு மேலே இரும்புப் பாளங்கள் நகரும். கீழே நின்றுகொண்டு கிரேன்காரருக்கு வழிசொல்வது அப்பாவின் வேலை. விபத்து நடந்தால் விசாரிக்க வேண்டும் என்பதற்காகக் கொட்டகை முழுக்க மைக்குகள் தொங்கின. வீட்டில் அப்பா அதிகம் பேசமாட்டார். பேசிய கொஞ்சத்தையும் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. ஆகவே எங்கள் பெட்டி முழுவதும் கொட்டகைப் பேச்சால் ஆனது.

அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அம்மா அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தாள். உயிரோடு இருந்தபோது மனசுக்குள் வைத்துப் புழுங்கியதெல்லாம் இப்போதுதான் வெளியே வருகிறது, அப்போது நாம் கேட்கவில்லை, இப்போதாவது கேட்போம் என்பாள்.

பெட்டியில் இருந்த அப்பா கண்டிப்பானவர். கூடத்துக்கு வெள்ளையடிக்கட்டுமா என்றால், வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்பார். அம்மா தன் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தட்டுமா என்றால், நகர்த்தாதே என்பார். என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அம்மா கேட்டபோது, "பிடிமானம் சரியில்ல. நிறுத்து" என்றார். அம்மா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் யோசித்து, மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை என்பதைத்தான் சொல்கிறார் என்று கண்டுபிடித்தாள். எனக்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பதால் அப்பாவின் ஞானத்தை நானும் மெச்சிக்கொண்டேன்.

காலையில் எழுந்ததும் பெட்டி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்கும். அம்மா, "வந்தாச்சுங்க" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அம்மா எழுந்திருக்கிறாளோ என்று சில சமயம் தோன்றும்.

கயிற்று வேலைக்குப் போகிறேன் என்று அக்கா அந்தப் பெட்டி முன்னால் நின்று சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். "ஏறாதே" என்றது பெட்டி. அவள் ஏறினாள். முதல் நாள் வேலை முடிந்து, முகமெல்லாம் வெள்ளைத் துளிகளோடு அவள் வந்து நின்றபோது கதவு திறக்கவில்லை. "சொல்லை மீறினவங்களுக்கு உள்ள இடமில்ல" என்றது குரல். அம்மா பெட்டியிடம் கெஞ்சினாள். அக்கா வெளியில் நின்று கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். பிறகு, அம்மா, அதுகிட்ட கெஞ்சாதே, எனக்கு அவமானமா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய துணிகளை ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொன்றாகக் கொடுத்தது நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நான் விஷயத்தைச் சொன்னபோது அம்மா சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கம்பெனி மூட்டை மூட்டையாக அனுப்பும், துளைகள் மட்டும் அம்மா பொறுப்பு. கால் சேர்ந்துவிடுமா என்று கேட்டாள். சேர்ந்துவிடும் என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "அவர் அன்னிக்கே ஏறாதேன்னு சொன்னாரு பாத்தியா" என்றாள். அதில் துக்கத்தோடு ஒரு பெருமையும் கலந்திருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பிறகு எழுந்து தலையைச் சரிசெய்துகொண்டு பெட்டியின் முன்னால் நின்றாள்.

"என்னங்க. பெரியவளுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. கொஞ்ச நாள் இங்க வச்சுக்கட்டுமா?"

"கூடாது," என்றார் அப்பா. "மீறினவங்க உள்ள வரக்கூடாது."

அம்மா இன்னொரு விதமாகக் கேட்டாள். அதே பதில். குழந்தைக்கு ஊட்டுவது போலக் குரலை மாற்றிக் கேட்டாள். அதே பதில்.

கதவின் உட்பக்கம் ஒரு அவசரத் தாழ் உண்டு. தீப்பிடித்தால் இழுப்பதற்கு. அதன்மேல் ஈயத்தில் அலுவலக முத்திரை இருக்கும். தீ இல்லாமல் முத்திரையை உடைத்தால் தலைவர் சொல்லை வீடே மீறியதாக அர்த்தம். அலுவலகத்தார் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்க் குரலை அழித்துவிடுவார்கள். மறுபடியும் கிடைக்காது. நான் அந்தத் தாழைப் பார்த்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"அத மட்டும் நினைக்காதே. அவர் போட்டோவுல சிரிக்கக்கூட இல்ல. இந்தச் சத்தம் ஒண்ணுதான்டி எனக்கு மிச்சம்."

எனக்குள் ஒரு பதில் இருந்தது. அது தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

அக்கா எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு சின்ன சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கொக்கு மாமா. அப்பாவோடு அந்தக் கொட்டகையில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். மேலே கூண்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டுவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்பா போன பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. செத்தவன் குரலைக் கேட்க எனக்கு நெஞ்சுரம் இல்லை என்று தெருவில் பார்த்தபோது ஒரு தடவை சொன்னார்.

வண்டியிலிருந்து அக்காவை நாற்காலியோடு இறக்கி வாசல் முன்னால் வைத்தோம். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வெளியில் நின்றேன். அம்மா உள்ளே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கை கம்பிக்கு வெளியே வந்து அக்காவின் தோளைத் தொட்டுத் தடவிவிட்டு உள்ளே போனது.

"வெயில்ல உக்காத்தி வச்சிருக்கீங்களே," என்றாள் அம்மா.

"கதவத் தொற, நிழலுக்கு வரேன்," என்றாள் அக்கா.

"அவர் சொன்னது அப்படியே நடந்துருச்சேடி. கேட்டிருந்தா கால் இப்படி ஆகியிருக்குமா?"

அக்கா வலியில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"ஏறினதும் நான், விழுந்ததும் நான். ரெண்டையும் அவர் பேர்ல எழுதாதே. மேல இருந்து ஊரையே பாத்திருக்கேன், அதுவும் நான்தான். கேட்டுட்டு கீழயே நின்னிருந்தா கால் இருந்திருக்கும். நான் இருந்திருக்க மாட்டேன்."

நான் கதவின் அருகே போய் கைப்பிடியில் கை வைத்தேன். கதவுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியின் சல்லடை வழியாக அப்பாவின் குரல் வந்தது. "நில்."

கொக்கு மாமாவின் வலது கை தானாக இடுப்புப் பக்கம் போய், இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து இழுத்தது. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் அதையே பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இன்னமும் என்னை நிறுத்துறான் பாரு, பாவி."

கதவு, "விலகு. மீறினவங்க உள்ள வரக்கூடாது" என்றது. மாமா சிரிப்பதை நிறுத்தினார். இது என்னிக்கிருந்து இப்படிப் பேசுது என்று அம்மாவைக் கேட்டார். முதல் நாளிலிருந்து என்றாள் அம்மா. ஒரு தடவையாவது சரின்னு சொல்லியிருக்கா என்று கேட்டார். அம்மா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

மாமா சொன்னது இதுதான். காலையில் எல்லாரும் வந்தாச்சா என்று ஆள் கணக்கெடுத்த பிறகு, அந்தக் கொட்டகையில் நாள் முழுவதும் இரும்பின் இரைச்சல். கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே ஒரு வழக்கம். நிறுத்தச் சொல்லும்போது மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். கத்துவது எதுவாக இருந்தாலும் அதற்கு நிறுத்து என்றே அர்த்தம். தூக்கு, இறக்கு, போ, வா, சரி, எல்லாம் கைச்சைகைதான். சந்தேகம் வந்தால் கூட முதலில் நிறுத்து என்று கத்திவிட வேண்டும், அப்புறம் கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சைகையை மீறி உள்ளே வந்தவனை வெளியே அனுப்பிவிடுவதும் அங்கத்திய வழக்கம்தான். அப்படி அப்பா அனுப்பாத ஆளே இல்லை. ஆனால் வேலை முடிகிற சங்கு ஊதுவதற்குள் அவரே வாசலுக்குப் போய்க் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொள்வார்.

"தூக்குன்னு அவன் வாயால சொல்லி நான் கேட்டதே இல்லம்மா. எத்தனை வருஷம் அவன் கையைப் பாத்து ஓட்டியிருப்பேன். சரிங்கறதெல்லாம் கையில இருந்துச்சு. மைக்குல எப்படி விழும்?"

ஜன்னலுக்குப் பின்னால் அம்மா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அவர் அப்படித்தான் என்றாள் மெதுவாக. கல்யாணத்துக்கு முன்னால், என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை, கையைத்தான் நீட்டினார் என்றாள்.

தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரம்மா, ஜன்னல் இல்லாத வீடு என்பதால், வாசலுக்கே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இப்போது வேறொரு நம்பிக்கை பிறந்துவிட்டது. பெட்டி தவறாகச் செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தவறென்றால் திருத்தலாம். உடனே குரல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அக்காவை வண்டி நிழலுக்கு நகர்த்தி உட்கார வைத்தோம். வெயில் இறங்குவதற்குள் ஒரு பரிசோதகர் ஸ்கூட்டரில் வந்தார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தோளில் கருவிப் பை. நாள் பூராவும் பிறருடைய அப்பாக்களோடு பேசிக் களைத்த முகம். அவருக்கு மட்டும் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். உள்ளே போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்படி நிறைய வீடுகளில் நடக்கிறது, வாத்தியார் வீட்டுப் பெட்டிகள் எல்லாரையும் திட்டிக்கொண்டே இருக்கின்றன, வியாபாரி வீட்டுப் பெட்டிகள் எதைக் கேட்டாலும் நாளைக்கு வரச் சொல்கின்றன என்றார். அவர் சொன்னதில் கேலி இல்லை. முழுதாகத் திருத்துவதற்கு மனு, சாட்சி என்று நாளாகும். ஆனால் உள்ளே கண்டிப்புக்கு ஒரு திருகாணி இருக்கிறது, அதை இப்போதே இளக்கித் தரலாம்.

"எவ்வளவு இளக்கட்டும்மா?"

அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் என்றாள். பரிசோதகர் திருகினார். அம்மா தலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள், பெரியவள் வரட்டுமா என்று.

"சரிம்மா," என்றார் அப்பா. "தாராளமா வரட்டும்."

பூட்டு சொடுக்கிக் கதவு திறந்துகொண்டது.

நாங்கள் யாரும் நகரவில்லை. அதே குரல்தான், அதே கரகரப்பு. ஆனால் அந்த வார்த்தையை அந்தக் குரல் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. யாரோ அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்து நின்றது போல இருந்தது. அம்மா பின்வாங்கி மெஷின்மேல் சாய்ந்தாள்.

பரிசோதகர் மூடியைப் பொருத்திக்கொண்டே, அவ்வளவுதான், தூக்கி உள்ளே கொண்டுவாருங்கள் என்றார்.

"நான் வரல," என்றாள் அக்கா.

மாமா, என்னம்மா இது, கதவு திறந்தாச்சே என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வெயிலிலும் வலியிலும் அவள் உதடு வெளுத்திருந்தது. ஒரு திருகு திருகினால் வெளியே போ என்கிற, இன்னொரு திருகு திருகினால் உள்ளே வா என்கிற ஒன்றிடம் அனுமதி வாங்கி அந்த வீட்டில் படுக்க மாட்டேன் என்றாள். நாளைக்கு யாராவது வந்து திருப்பித் திருகினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மாமாவிடம், வண்டியை எடுங்கள், உங்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

பரிசோதகருக்கு உண்மையாகவே புரியவில்லை. நடைமுறைப்படி எல்லாம் சரியாகிவிட்டதே என்றார். வாசலில் நின்றுகொண்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மாமாவைக் காட்டி, உங்கள் அப்பா நல்லவர் என்று இவர் சொல்கிறார், நல்லவராகவே ஆக்கிக் கொடுத்தாயிற்று, இன்னும் என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

பதில் சொன்னது நான். தொண்டையில் வைத்திருந்தது எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது.

"அப்பா நல்லவரா கெட்டவராங்கறது இல்ல விஷயம். அவரே உயிரோட வந்து இங்க நின்னு வேண்டாம்னு சொன்னாலும் அக்கா உள்ள வரணும்."

"அப்ப யார்தான் முடிவு பண்றது?"

"நாங்க. இந்த வீட்ல மூச்சு விடுறவங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"எங்க தப்பா இருக்கும். அதை நாங்களே திருத்திக்குவோம். அது எங்களுக்குத் தெரியும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூனைக்குக் குரல் இருக்கு என்றாள் மாமாவிடம். எனக்குக் காது சுட்டது. ஆனால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

பரிசோதகர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. தலைவர் வேண்டாம் என்ற பிறகும் சேர்த்துக்கொண்டால் தலைமை ரத்தாகும், பெட்டி போய்விடும். இப்போதுதான் சம்மதம் கிடைத்துவிட்டதே, பேசாமல் அனுபவித்துக்கொண்டு போனால் பெட்டியும் இருக்கும், மகளும் இருப்பாள். எதற்கு இந்த வீம்பு? அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். காலையில் எழுந்ததும், எல்லாரும் வந்தாச்சா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவள் அவள். இழக்கப் போகிறவள் அவள்தான். அதை நானோ அக்காவோ அவளுக்காகச் சொல்ல முடியாது.

அம்மா வெகுநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பரிசோதகரிடம், "பழைய மாதிரியே திருப்பி வச்சிருங்க" என்றாள்.

"பழைய மாதிரின்னா?"

"அவர் எப்படிக் கத்தினாரோ அப்படியே. அவர் சொல்லாததை அவர் வாயில வைக்க வேண்டாம்."

திருகாணி திரும்பியது. கதவு சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது. பரிசோதகர் வெளியே வர முயலவில்லை, மூலையில் கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னங்க," என்றாள் அம்மா. தலையைச் சரிசெய்துகொள்ளவில்லை. "நான் கதவத் தொறக்கப் போறேன்."

"நில்," என்றார் அப்பா.

"நிக்க மாட்டேன்."

"கூடாது."

"நீங்க வேணாம்னு சொல்லுங்க. சொல்லிக்கிட்டே இருங்க. நான் வேணும்னு சொல்றேன். எம்பொண்ணு."

பொத்தான் துளை வெட்டுகிற கத்தரியை எடுத்து அவசரத் தாழின் ஈயத்தைக் கொத்தினாள். முதல் கொத்து வழுக்கிச் சுவரில் பட்டது. பெட்டி நில் நில் என்று கத்திக்கொண்டே இருந்தது. கொட்டகையில் இரும்பு சரியும்போது கத்துவது போன்ற கத்தல். மாமா காதைப் பொத்திக்கொண்டார். அம்மா பொத்திக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே கொத்தினாள். ஈயம் இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. தாழை இரு கையாலும் இழுத்தாள். கதவு திறந்தபோது அவள் மூச்சு வாங்க எங்கள் முன்னால் நின்றாள், அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவள் போல. மூன்று பேரும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கினோம். படியில் ஏறும்போது மாவுக்கட்டு கதவின் நிலையில் இடித்து அக்கா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அம்மா உடனே, வீட்டுக்குள்ள வந்ததும் ஆரம்பிச்சுட்டியா என்றாள்.

பரிசோதகர் பெட்டியைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன், விதிப்படி, கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். வேண்டாம், அவர்கிட்ட இன்னிக்குத்தான் முதல் தடவையா சரியாப் பேசினேன், போதும் என்றாள் அம்மா. கம்பிகளைத் துண்டித்ததும் கூடத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் நின்றது. அப்படி ஓர் இரைச்சல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. பரிசோதகர் பெட்டியைத் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்தார். கிளம்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். என் தாத்தாவும் சுவரில்தான் இருக்கிறார் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்பா இரண்டாவது தடவை செத்துப்போனது போலத்தான் அழுதாள். மறுநாள் காலையில் கூடத்தின் நடுவில் வந்து நின்று, யாரும் எதுவும் கேட்காததால், எதற்கு நின்றோம் என்று மறந்தவள் போலத் திரும்பிப் போனாள். அக்கா அதைப் பார்த்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் அதிக நேரம் சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, கால் சேர்ந்ததும் முதலில் அந்த நீலக் கட்டடத்தை முடிக்க வேண்டும் என்றாள்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "ஏறக்கூடாது."

"அப்பா சொன்ன மாதிரியே சொல்றியே."

"அவர் சொல்லல. நான் சொல்றேன். நீ மறுபடி விழுந்தா எனக்குத் தாங்காது. அதான் காரணம்."

அக்கா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். இந்த வீட்டில் கூடாது என்பதற்கு யாரும் அவளுக்குக் காரணம் சொன்னதில்லை.

"எனக்கு மேல போகலன்னா தாங்காது," என்றாள் கடைசியில். "இது என் காரணம்."

அங்கே ஆரம்பித்தது. கயிறு எப்படி அறுந்தது, யார் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். முதலாளி பழைய கயிறு கொடுத்தான், தானும் சரியாகப் பார்க்கவில்லை என்று அக்கா ஒப்புக்கொண்டாள். அப்படியானால் உன்னை எப்படி நம்புவது என்றாள் அம்மா. எதற்கு இரண்டாவது கயிறு கட்டுவதில்லை என்று நான் கேட்டேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று இருவரும் ஒரே சமயத்தில் என்மேல் பாய்ந்தார்கள். நானும் விடவில்லை. சலவைக்கூடத்தில் துணி காயப்போடும் கொடிக்கே நாங்கள் இரண்டு கயிறு கட்டுகிறோம், தொங்குகிற ஆளுக்கு ஒரே கயிறு போதுமா என்று கத்தினேன். அம்மாவும் கத்தினாள். யார் சொல்வது சரி என்று கேட்பதற்கு அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"போவேன்," என்றாள் அக்கா.

"போனாலும் கதவு தொறந்துதான் இருக்கும்," என்றாள் அம்மா. "ஆனா போகக்கூடாது."

"போவேன்."

"சாப்பிட்டு முடி. அப்புறம் பேசலாம். நான் இன்னும் விடல."